கோப்பை வென்ற அன்றே கலைந்த அணி!

ஊர் பெற்ற பிள்ளையைக் கம்பெனி தத்து எடுத்தது, பிறகு கைவிட்டது. மீண்டும் தூக்கி வளர்த்தவர்கள் யார்?

1999-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. ஜப்பான் நாடு முழுவதும் புத்தாண்டுக் கொண்டாட்டம். நமக்குப் பொங்கல் எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு அந்த நாள்.

டோக்கியோ நகரில் உள்ள தேசிய விளையாட்டு அரங்கில் சுமார் 50 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். சக்கரவர்த்தி கோப்பைக்கான கால்பந்து இறுதிப் பந்தயம் அன்று நடந்தது. 1921-ம் ஆண்டு தொடங்கிய பழம்பெரும் போட்டி அது. புத்தாண்டு நாளில் அதைப் பார்ப்பது ஜப்பானியர்களுக்கு வழக்கமாகியிருந்தது.

ஒரு பக்கம் ஷிமிசு நகர அணி. மறு பக்கம் யோகோஹாமா புளூகல்ஸ் அணி. முதல் கோலை ஷிமிசு போட்டது. இடைவேளைக்குச் சற்று முன்பு புளூகல்ஸ் வீரர் குபோயாமா பதில் கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு யோஷிடா இன்னொரு கோல் போட்டார். 2-க்கு 1 என்ற கணக்கில் புளூகல்ஸ் வென்றது. அணித்தலைவர் யாமகுச்சி கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் ரசிகர்கள் கண்களில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் மட்டும் அல்ல அது. கோப்பையை வென்ற அந்த அணிக்கு அதுவே கடைசி ஆட்டம்! மறுநாள் பயிற்சி இல்லை. அடுத்த பந்தயம் இல்லை. அணியே இல்லை!

தோற்று ஓய்ந்த அணி கலைவது உண்டு. ஆட ஆள் இல்லாத அணி கலைவதும் உண்டு. ஒரு நாட்டின் பெரிய கோப்பையை வென்ற அணி, அதே நாளில் கலைந்தது ஏன்?

கம்பெனி அணிகள்

இதை அறிய, ஜப்பானில் கால்பந்து வளர்ந்த விதத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் ரெயில்வே அணி, பாங்க் அணி, போலீஸ் அணி என்று உண்டு அல்லவா? ஜப்பானிலும் அப்படித்தான். பெரிய தொழிற்சாலைகளும் கம்பெனிகளும் அணி வைத்து நடத்தின. ஆட்டக்காரர் அந்தக் கம்பெனியின் சிப்பந்தி. பகலில் வேலை, வேலை முடிந்த பின் பயிற்சி. ஆட்டத்துக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் வேலை நிச்சயம். கால் ஓய்ந்த பிறகும் அவர் அந்தக் கம்பெனியிலேயே உழைத்துப் பிழைக்கலாம்.

1964-ம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஜப்பான் வீரர்களைப் பழக்க ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளர் வந்திருந்தார். நாடு தழுவிய லீக் பந்தயம் ஒன்று வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். அதன்படி 1965-ல் ஜப்பான் கால்பந்து லீக் பிறந்தது. அதில் சேர்ந்த 8 அணிகளும் கம்பெனி அணிகளே! மோட்டார் கம்பெனி, உருக்காலை, மின்கம்பித் தொழிற்சாலை, பாங்க், டீசல் என்ஜின் கம்பெனி என்று அந்தப் பட்டியல் இருந்தது.

பலனும் விரைவில் கிடைத்தது. 1968-ம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலப் பதக்கம் வென்றது. அந்தப் பந்தயத்தில் 7 கோல் போட்டு முதலிடம் பெற்ற காமமோட்டோ, யான்மார் என்ற டீசல் என்ஜின் கம்பெனியின் அணியைச் சேர்ந்தவர். ஆகவே கம்பெனி அணிகளைக் குறைத்துப் பேச முடியாது. வேலையும் மைதானமும் பயிற்சியும் கொடுத்து, அந்நாட்டுக் கால்பந்தைத் தாங்கி நின்றவை அவையே.

பேட்டைப் பிள்ளைகள்

யோகோஹாமா, டோக்கியோவுக்கு அருகில் உள்ள பெரிய துறைமுக நகரம். 1964-ம் ஆண்டு அந்த நகரில் நாக்கா என்ற பகுதியில் பிள்ளைகளுக்காக ஒரு கால்பந்துச் சங்கம் தொடங்கினார்கள். அதற்கு முதலாளி கிடையாது. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நடத்தினார்கள். பையன்கள் வளர வளர, சங்கமும் வளர்ந்தது. கம்பெனி அணிகளே நிறைந்த நாட்டில், ஊர் மக்களே உண்டாக்கிய அணி என்ற பெருமை அதற்கு இருந்தது.

மேல்நிலைப் பந்தயங்களில் ஆடப் பணம் வேண்டும். வெளியூர்ப் பயணம், மைதான வாடகை, சாப்பாடு, உடுப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். 1979-ல் ஆல் நிப்பான் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனி அணிக்குக் கை கொடுத்தது. அணியின் பெயர் யோகோஹாமா டிரைஸ்டார் என்று மாறியது. அந்தக் கம்பெனி அப்போது ஓட்டிவந்த ஜெட் விமானத்தின் பெயரும் டிரைஸ்டார்தான்!

சில ஆண்டுகளில் கம்பெனியின் பெயரே அணியின் பெயர் ஆயிற்று. கம்பெனி ஆட்களும் அணிக்குள் வந்தார்கள். பணம் வந்தது; பின்னாலேயே அதிகாரமும் வந்தது.

ஆறு பேர் ஆட மறுத்தனர்

பழைய சங்கத்துப் பிள்ளைகளுக்கும் புதிய நிர்வாகத்துக்கும் மனத்தாங்கல் முற்றியது. 1986-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி அது வெடித்தது. மிட்சுபிஷி அணியுடன் ஆட வேண்டிய நாள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில், நடத்தப்படும் விதம் சரியில்லை என்று சொல்லி, 6 ஆட்டக்காரர்கள் ஆட மறுத்து வெளியேறினார்கள். 11 பேர் ஆட வேண்டிய இடத்தில் 8 பேர் மட்டும் ஆடினார்கள்!

ஜப்பானில் இது கேள்விப்படாத சம்பவம். கால்பந்துச் சங்கம் அந்த 6 பேருக்கும் காலவரையின்றித் தடை விதித்தது. ஆட்டத்தைக் குலைத்தது தவறு என்று தீர்ப்பு ஆயிற்று. ஆனால் அந்த ஆறு பேர் எழுப்பிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அணி யாருடையது? அதைப் பெற்று வளர்த்த ஊருடையதா? செலவைக் கொடுக்கும் கம்பெனியுடையதா?

12 ஆண்டுகள் கழித்து அதே கேள்வி பன்மடங்கு பெரிதாகத் திரும்பி வந்தது.

பெயர் ஊருக்கு; பணம் கம்பெனிக்கு

1993-ம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் ஜே லீக் என்ற புதிய தொழில்முறை லீக் தொடங்கியது. அதன் தலைவர் சபுரோ கவாபுச்சி. அவரே ஒரு காலத்தில் கம்பெனி அணியில் ஆடியவர். 1964 ஒலிம்பிக்கிலும் ஆடியவர். அவர் ஒரு கண்டிப்பான விதி கொண்டுவந்தார். "அணியின் பெயரில் கம்பெனிப் பெயர் இருக்கக்கூடாது, ஊர்ப் பெயர்தான் இருக்க வேண்டும்" என்பதே அந்த விதி. அணி ஊர் மக்களுக்குச் சொந்தம் என்ற எண்ணம் வளர வேண்டும் என்பது நோக்கம்.

முதல் ஆண்டில் 10 அணிகள் சேர்ந்தன. யோகோஹாமா நகரத்துக்கு மட்டும் இரண்டு! ஒன்று நிசான் மோட்டார் கம்பெனி நடத்திய மாரினோஸ். மாலுமிகள் என்று பொருள் தரும் பெயர் அது. மற்றொன்று, விமானக் கம்பெனியின் அணி. அது புளூகல்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டது. புளூகல் என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சிறகு என்று அர்த்தம். விமானக் கம்பெனிக்குப் பொருத்தமான பெயர்! சாட்டோ கோக்யோ என்ற கட்டடக் கம்பெனியும் செலவில் பங்கு ஏற்றது.

பலகையில் எழுதிய பெயர் மாறிவிட்டது. பணப்பெட்டியின் சாவி மாறியதா? அதுதான் இல்லை. ஆண்டுக் கடைசியில் துண்டு விழும் தொகையைக் கட்டியவை முன்போலவே கம்பெனிகள்தான்.

ஆட்டத்தில் புளூகல்ஸ் குறை வைக்கவில்லை. 1994-ம் ஆண்டு புத்தாண்டு நாளில் காஷிமா அணியை 6-க்கு 2 என்று வென்று, சக்கரவர்த்தி கோப்பையை முதல் முறை எடுத்தது. 1995-ல் ஆசிய நாடுகளின் கோப்பை வெற்றியாளர்களுக்கான போட்டியிலும் வென்றது. அதே ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து எவயர், சின்யோ, சாம்பாயோ என்ற மூன்று பெரிய வீரர்களை வரவழைத்தது. சின்யோ 1994-ல் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியிலேயே ஆடியவர். மூன்றாமவரான சாம்பாயோ, 1998 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்கு எதிராக, போட்டியின் முதல் கோலையே போட்டார். அப்போது அவர் புளூகல்ஸ் ஆட்டக்காரர்!

அதே 1998-ல் ஜப்பானும் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போயிற்று. அந்த நாட்டு அணியில் புளூகல்ஸ் வீரர்களான யாமகுச்சியும், கோல் காவலர் நராசாகியும் இடம் பெற்றிருந்தார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஜொலிப்பு. உள்ளே பணம் கரைந்து கொண்டிருந்தது.

தொழிலில் இறங்குமுகம்

1980-களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் வானத்தைத் தொட்டன. 1990-களின் தொடக்கத்தில் அவை சரிந்து விழுந்தன. நிலத்தை நம்பிக் கடன் கொடுத்த பாங்குகள் தத்தளித்தன. 1997 நவம்பரில் ஹொக்கைடோ டக்குஷோக்கு என்ற பெரிய பாங்கும், யாமாயிச்சி என்ற பெரிய பங்கு வியாபாரக் கம்பெனியும் அடுத்தடுத்து நொடித்தன.

கட்டட வேலை குறைந்தது. சாட்டோ கோக்யோ கம்பெனிக்கு மூச்சு முட்டியது. 1998-ல், இனிமேல் அணிக்குப் பணம் கொடுக்க இயலாது என்று விலகியது. விமானக் கம்பெனிக்கும் அது கஷ்ட காலம். தனியாக முழுச் சுமையையும் தாங்க அது தயாராக இல்லை. நிசான் கம்பெனியும் அப்போது கடனில் சிக்கித் தவித்தது. கஷ்டத்தில் இருந்த கம்பெனிகள் கலந்து பேசின. ஒரே ஊரில் இரண்டு அணிகள் எதற்கு? இரண்டையும் ஒன்றாக்கினால் செலவு மிச்சம் என்று முடிவு செய்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் அது சரியான முடிவாகவே தெரியும்.

காலையில் வந்த இடி

1998-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி. காலைப் பத்திரிகையில் செய்தி வந்தது: "இரண்டு அணிகளும் இணைகின்றன!" அன்றே அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். இணைப்பு என்பது பெயருக்குத்தான். மாரினோஸ் நிலைக்கும், புளூகல்ஸ் மறையும். மறைந்த அணியின் நினைவாக, மாரினோஸ் பெயரில் "எப்." என்ற ஓர் எழுத்து சேர்க்கப்படும்.

ஆட்டக்காரர்களை யாரும் கலந்து பேசவில்லை. ரசிகர்களை யாரும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

ரசிகர்கள் கொதித்தார்கள். தெருவில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். போட்டி அணிகளின் ரசிகர்கள்கூடச் சேர்ந்து கொண்டார்கள். "இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு" என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆனால் முடிவு மாறவில்லை.

ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி

இப்படிப்பட்ட நேரத்தில் ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? மனம் உடைந்து ஏனோதானோவென்று ஆடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அறிவிப்பு வந்த இரண்டாம் நாள், அக்டோபர் 31-ந் தேதி, ஒசாகாவின் செரெசோ அணியுடன் ஆட்டம். புளூகல்ஸ் 7-க்கு 0 என்ற கணக்கில் வென்றது! லீக்கில் மீதியிருந்த 4 ஆட்டங்களிலும் வெற்றி.

அதன் பிறகு சக்கரவர்த்தி கோப்பை. அதில் தோற்ற அணி வெளியே போக வேண்டியதுதான். புளூகல்ஸ் என்று தோற்கிறதோ, அன்றே அணியின் ஆயுள் முடிந்தது. ஒவ்வோர் ஆட்டமும் வாழ்வா சாவா என்று சொல்வது வழக்கம். இவர்களுக்கு அது வெறும் பேச்சு அல்ல, அப்பட்டமான உண்மை!

ஜெர்மானியரான கெர்ட் ஏங்கெல்ஸ் அணிக்குப் பயிற்சியாளர். அவருக்கும் வேலை போகப் போகிறது. ஆட்டக்காரர்களில் பலருக்கு அடுத்த மாதம் எங்கே சம்பளம் என்று தெரியாது. ஆனாலும் ஆடினார்கள். அந்த ஆண்டு லீக்கில் கொடிகட்டிப் பறந்தவை இவாட்டா நகர ஜூபிலோ அணியும் காஷிமா அணியும். கால் இறுதியில் ஜூபிலோவை 2-க்கு 1 என்று வென்றார்கள். அரை இறுதியில் காஷிமாவை 1-க்கு 0 என்று வென்றார்கள். இறுதியில் ஷிமிசு. அறிவிப்புக்குப் பிறகு மொத்தம் 9 ஆட்டங்கள். ஒன்பதும் வெற்றி!

கம்பெனிகள் அணியைக் கலைக்கலாம். அது கையாலாகாத அணி என்று சொல்ல முடியாதபடி ஆட்டக்காரர்கள் செய்துவிட்டார்கள்.

ரசிகர்கள் தொடங்கிய அணி

மாரினோஸில் சேர்ந்துவிடுங்கள் என்று சொன்னால் ரசிகர்கள் சேர்ந்துவிடுவார்களா? நேற்று வரை எதிரணி என்று கோஷம் போட்டவர்கள், இன்று எப்படிக் கைதட்டுவார்கள்? சிலர் போனார்கள். பலர் மறுத்தார்கள்.

மறுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "கம்பெனி கொடுத்தால்தானே கம்பெனி பறிக்கும்? நாமே ஓர் அணி தொடங்குவோம்" என்று கிளம்பினார்கள். நிதி திரட்டினார்கள். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா அணிக்கு அதன் சந்தாதாரர்களே சொந்தக்காரர்கள். அந்த மாதிரியைப் பார்த்து, ஆண்டுச் சந்தா கட்டும் ரசிகர்களைச் சேர்த்தார்கள். யோகோஹாமா எப்.சி. என்ற அணி பிறந்தது. சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையைச் சின்னமாக வைத்தார்கள்.

மேல் லீக்கில் இடம் கிடைக்கவில்லை. கீழே உள்ள ஜப்பான் கால்பந்து லீக்கில் 1999-ல் இடம் கொடுத்தார்கள். 1990 உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி வீரர் லிட்பார்ஸ்கி முதல் பயிற்சியாளர் ஆனார். 1999-ம் ஆண்டும் 2000-ம் ஆண்டும் அந்த லீக்கில் முதல் இடம்! 2001-ல் ஜே லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். 2007-ல் முதல் பிரிவிலேயே காலடி வைத்தார்கள். அந்த ஆண்டு கடைசி இடம்தான். ஆனால் கடைசி நாளில் உரவா அணியை 1-க்கு 0 என்று தோற்கடித்தார்கள். அதனால் உரவாவுக்குப் பட்டம் போயிற்று!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தாப் பணத்தால் மட்டும் அந்த அணியும் தொழில்முறை லீக்கில் நிலைத்து நிற்க முடியவில்லை. ஒனோடெரா என்ற கம்பெனிக் குழுவின் பெரும்பங்கு அதிலும் வந்து சேர்ந்தது. ஊர் தொடங்கிய அணியைத் தாங்க மறுபடியும் ஒரு கம்பெனி வேண்டியிருந்தது.

யார் மீது குற்றம்?

கம்பெனிகளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நியாயமாகப் பார்க்க வேண்டும். விலகிய சாட்டோ கோக்யோ 2002-ம் ஆண்டு மார்ச்சில் நொடித்து, கோர்ட்டின் பாதுகாப்பைத் தேடிப் போயிற்று. ஆகவே பணம் இல்லை என்று அது சொன்னது பொய்யல்ல. சிப்பந்திகளுக்கே சம்பளம் கொடுக்கத் திணறும் கம்பெனி, கால்பந்துக்குக் கொட்டிக்கொண்டே இருக்க முடியுமா?

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் அணியின் உயிரை ஒன்றிரண்டு கம்பெனிகளின் பணப்பையில் முடிந்து வைத்தது முதல் குற்றம். ஊர்ப் பெயரைச் சூட்டி, "இது உங்கள் அணி" என்று மக்களிடம் சொல்லிவிட்டு, அணியின் தலைவிதியை மூடிய அறைக்குள் தீர்மானித்தது இரண்டாவது குற்றம். முன்கூட்டியே கணக்கைத் திறந்து காட்டியிருந்தால், ரசிகர்கள் நிதி திரட்ட அவகாசம் இருந்திருக்கும். வேறு கம்பெனி முன்வந்திருக்கவும் கூடும். கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் ஏற்பட்ட வருத்தம் அதுதான்.

பாடமும் இன்றைய நிலையும்

ஜப்பான் கால்பந்து நிர்வாகிகள் பாடம் படித்தார்கள். 2013-ம் ஆண்டு முதல் ஜே லீக்கில் ஆட லைசென்ஸ் வாங்க வேண்டும். தொடர்ந்து 3 ஆண்டுகள் நஷ்டம் காட்டினாலோ, சொத்தைவிடக் கடன் மிஞ்சினாலோ லைசென்ஸ் கிடைக்காது என்று விதி செய்தார்கள். நோய் முற்றிய பின் அழுவதைவிட, ஆண்டுதோறும் நாடி பிடித்துப் பார்ப்பது நல்லது அல்லவா? 10 அணிகளுடன் தொடங்கிய ஜே லீக், 2024-ல் 3 பிரிவுகளில் 60 அணிகளாகப் பெருகியது.

ஆனாலும் பழைய கேள்வி ஓயவில்லை. 2024-ம் ஆண்டு ஓமியா அணியை, ரெட்புல் என்ற ஆஸ்திரிய நாட்டுப் பானக் கம்பெனி வாங்கியது. ஒரு காலத்தில் ஜப்பான் டெலிபோன் கம்பெனியின் அணியாக இருந்தது அது. முன்பு உள்ளூர்க் கம்பெனி முதலாளி. இப்போது அயல்நாட்டு முதலாளி. அணி நன்றாக நடக்கலாம். கோப்பைகளும் வரலாம். ஆனால் கம்பெனியின் கணக்கு என்றாவது மாறினால், அணியின் கதி என்ன? புளூகல்ஸ் கதையை அறிந்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

கலைந்த அணியின் ஆட்டக்காரர்கள் சோடை போகவில்லை. 1998-ல் பள்ளிப் படிப்பு முடிந்து அந்த அணியில் சேர்ந்த எண்டோ என்ற இளைஞர், பிற்காலத்தில் ஜப்பானுக்காக 152 பந்தயங்கள் ஆடினார். அந்நாட்டில் வேறு எவரும் அத்தனை ஆடியது இல்லை. கடைசிக் கோலைப் போட்ட யோஷிடா பயிற்சியாளர் ஆனார். 2023-லும் 2024-லும் கோபே நகர அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

அணிக்குக் கம்பெனியின் பணம் தேவை. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் பலராக இருக்க வேண்டும். கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். கதவை மூடும் முன் ஊரைக் கேட்க வேண்டும். 1986-ல் ஆட மறுத்த 6 பேரும், 1998-ல் கையெழுத்திட்ட லட்சக்கணக்கானவர்களும் கேட்டது இவ்வளவுதான். மாரினோஸ் பெயரில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோகோஹாமா மக்களுக்கு இது நினைவுக்கு வராமல் போகாது.